அப்பாவின் தாழ்ப்பாளும் உள்ளாளும்

எங்கள் வரிசையில் திருடன் புகுந்தது இரண்டு வீடு தள்ளி. தூக்கம் போனது எங்கள் அப்பாவுக்கு.

பெரிதாக எதுவும் போகவில்லை. ஒரு பித்தளை அண்டா, ஒரு சுவர்க் கடிகாரம், கல்யாணங்காட்சிக்குப் போட்டுப் போகும் ஒரு கறுப்புக் கோட்டு. பறிகொடுத்தவரே, "போனா போகுது லா, அந்தக் கோட்டு எனக்கு எப்பவும் இறுக்கம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பத் தயாரானார். எங்கள் அப்பாவால் அப்படிக் கிளம்ப முடியவில்லை. உடைந்த கதவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, பெயர்ந்து தொங்கிய தாழ்ப்பாளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு போக முடியாமல் பக்கத்தில் நின்று நெளிந்தார்.

அப்பா துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. அலுவலகத்தில் பேசாத பேச்சையெல்லாம் வீட்டில் வந்து பேசுகிறவர். அன்று சாயங்காலம் காப்பியைக் கையில் வாங்கியதும் தீர்ப்புச் சொன்னார்.

"உள்ளாள் இல்லாம எந்தத் திருடனும் உள்ள வரமுடியாது. எழுதி வெச்சுக்க. யாரோ உள்ளேர்ந்து வழி சொல்லியிருக்கான்."

"அந்த வீட்ல இருக்கிறது அவரும் அவர் பொண்டாட்டியுந்தான். ரெண்டு பேர்ல யாரு உள்ளாளு?" என்று அம்மா கேட்டாள்.

அன்றைக்குப் பிடித்த உள்ளாள் பைத்தியம் அப்பாவை விடவே இல்லை. பால்காரர் வாசலில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் உள்ளாள். சலவைக்காரர் "ஐயா எப்ப வருவாரு" என்று கேட்டால் சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டுப் பூனையைக்கூட அவர் ஒருநாள் ஒரு மாதிரிப் பார்த்தார்.

எனக்கு அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. என் நகையும் பட்டும் கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. அதனால் அப்பாவின் பயத்தை முழுப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட முடியாது. முக்கால் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லலாம்.

பையன் பள்ளிக்கூட வாத்தியார். ஆயர் ஈத்தாம் பக்கம் வீடு. அவரை நான் முன்பே பார்த்திருந்தேன், தண்ணீர்மலைக் கோயிலில், தைப்பூசத்தன்று. பானகப் பந்தலில் நின்றுகொண்டு, ஒரு சீனப் பாட்டிக்குக் கேட்கக் கேட்க ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவள் ஏப்பம் விட்டதும் கைதட்டிச் சிரித்தார். எனக்குப் பிடித்துப்போயிற்று. இதில் மறைக்க என்ன இருக்கிறது? அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் அடுத்த வரன் தயாராகக் காத்திருந்தார்: கூலிம் ஊரில் மளிகைக் கடை, எனக்கு இரண்டு பங்கு வயது, பேசினால் எதிரே நிற்பவர் முகம் துடைக்க வேண்டும். அவரைப் பற்றி அப்பாவின் கருத்து, "அவரு கடைக்கதவு நல்ல கதவு" என்பது.

அப்பா கதவு வேலையை ஆரம்பித்தார். முதலில் ஜன்னல்களுக்குக் கம்பி. கம்பிக்கு மேல் பலகை. அடுத்தது பின்கதவு. அது கக்கூஸ் வாளி எடுக்க வருகிற சந்தில் திறக்கும் கதவு. "திருடன் வர்ற வழியே இதுதான்" என்று அதை ஆணி அடித்து ஒரேயடியாக மூடிவிட்டார். வாளிக்கு இருந்த சின்னப் பொந்து மட்டும் மிச்சம். அம்மா அடுப்புச் சாம்பலை முன்வாசல் வழியாகத்தான் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதாயிற்று. போகும்போதும் வரும்போதும் அவள் சொன்னதையெல்லாம் இங்கே எழுதினால் நன்றாக இருக்காது.

முன்கதவுக்குச் சீனத் தச்சர் வந்தார். கனமான மெர்பாவ் மரத்தில் புது இரட்டைக் கதவு, இடுப்புயரத்துக்கு இரும்புத் தகடு, உட்புறம் குறுக்குக் கட்டை. எல்லாம் முடிந்ததும் அப்பா, இன்னும் ஒரு தகடு அடிக்கலாமா என்று கேட்டார். தச்சர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "இனி பிந்து கா, பென்ஜாரா கா?" என்றார். இது கதவா, ஜெயிலா என்று மலாயில் கேட்டார். அப்பா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தெரு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் அப்பாவின் பெருமையெல்லாம் ஒரு தாழ்ப்பாளில்தான் இருந்தது. அது அவரே யோசித்துச் செய்தது. துறைமுகத்தில் கழித்துப் போட்ட இரும்பில் ஒரு தடித்த பட்டை. கதவைச் சாத்தினால் அது தானே விழுந்து ஒரு கொக்கியில் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்ததும் அதன் தலைமேல் ஒரு சின்ன நாக்கு வந்து மூடிக்கொள்ளும். திறக்க வேண்டுமானால் ஒரு கையால் பட்டையின் சங்கிலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நாக்கைத் தள்ள வேண்டும். இரண்டும் அப்பாவின் கை எட்டும் உயரத்தில். அப்பா ஆறடிக்காரர். அம்மாவும் நானும் அவர் தோளுக்கு வரமாட்டோம்.

"நாங்க எப்படித் தொறக்கிறதாம்?" என்று கேட்டேன்.

"நீங்க தொறக்கக் கூடாதுன்னுதான் அந்த உயரம். உள்ளாளுக்கு எட்டக் கூடாது."

"நானும் அம்மாவும் உள்ளாளா?"

"பேச்சுக்குச் சொன்னேன்."

பேச்சுக்காம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பகலில் அவர் வேலைக்குப் போகும்போது அந்தப் பட்டையைத் தூக்கி மேலே ஒரு ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். அதனால்தான் நாங்கள் வெளியுலகத்தைப் பார்த்தோம். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதை இறக்கிக் காட்டுவார். உள்ளே நின்று கதவைச் சாத்துவார், 'டொக்' என்று விழும், "பார்த்தீங்களா?" என்பார். வந்தவர்கள் தலையாட்டுவார்கள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

பெண் பார்ப்பதும் தாம்பூலம் மாற்றுவதும் ஒரே நாளில் என்று பேசி முடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் தட்டு மாறியாக வேண்டும். பையனின் அம்மா நேரம் காலத்தில் கறார் என்று முன்பே சொல்லியனுப்பியிருந்தார்கள். முந்தின இடத்தில் பெண் வீட்டார் பூ வாங்கத் தாமதம் செய்ததால் அந்தம்மா எழுந்து வந்துவிட்டாராம்.

அவர்கள் நல்ல நேரத்துக்கே வந்துவிட்டார்கள். ரிக்‌ஷாக்கள் வந்து நின்ற சத்தம் கேட்டதும், உதவிக்கு வந்திருந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்பட எல்லோரும் அஞ்சடிக்கு, அதாவது வீட்டு முன்னால் தூண்களுக்கு நடுவே ஓடும் நடைபாதைக்கு, வரவேற்க ஓடினார்கள். அம்மா ஆரத்தித் தட்டோடு. அப்பா சந்தனக் கிண்ணத்தோடு. உள்ளே நான் மட்டும். கூப்பிடும்வரை பெண் தலைகாட்டக் கூடாது. தலைகாட்டினால் பெண்ணுக்கு அவசரம் என்று பேச்சு வந்துவிடும். எனக்கு அவசரம்தான். இருந்தாலும் உள்ளறைத் திரைக்குப் பின்னால் ஒழுங்காக உட்கார்ந்திருந்தேன்.

ஆரத்தி சுற்றினார்கள். அம்மா அதைத் தெருவில் கொட்டப் போனாள். அந்த இடைவெளியில் பையனின் தாய்மாமன், ஏதாவது பேச வேண்டுமே என்று, "கதவு நல்லா ஸ்திரமா இருக்கே" என்றார்.

என் தலையெழுத்து, அவர் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். வானத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அப்பாவுக்கு முகமெல்லாம் பல். "இருங்க, ஒரு நிமிஷம், உள்ள போகுமுன்ன இதை மட்டும் பார்த்துடுங்க" என்று பட்டையை ஆணியிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டார். வழக்கமாக அவர் உள்ளே நின்று காட்டுவார். அன்று பார்க்க வேண்டியவர்கள் வெளியே நின்றார்கள். அவரும் வெளியே நின்று, கதவை இழுத்துச் சாத்தினார்.

டொக்.

"பார்த்தீங்களா?" என்று அப்பாவின் குரல் கேட்டது. பிறகு அம்மாவின் குரல்: "அட பாவி மனுஷா!"

நான் திரையை விலக்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

"சங்கிலியை இழும்மா! நாக்கைத் தள்ளு!" என்று அப்பா வெளியிலிருந்து கத்தினார்.

"நீ கதவுகிட்ட வராதடி! தொறந்ததும் முன்னால நீ நிப்பே, பார்த்துடுவாங்க! உள்ள போ!" என்று அம்மா கத்தினாள்.

"அவ வராம எப்படித் தொறக்கிறது?"

"கூப்பிடாம எப்படி வர்றது?"

இரண்டு பேரும் கதவுக்கு அந்தப் பக்கம் சண்டை போட, நான் இந்தப் பக்கம் இரண்டடி முன்னால் போவதும் இரண்டடி பின்னால் வருவதுமாக இருந்தேன். கடைசியில் எனக்கே சீ என்றாகிவிட்டது. ஒரு முக்காலியைப் போட்டு ஏறினேன். சங்கிலி எட்டியது. இழுக்க வலுவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன், பட்டை அசைந்தது. நாக்கைத் தள்ள மூன்றாவது கை வேண்டும். கடவுள் கொடுக்கவில்லை.

வெளியே ஒரு நல்ல மனசுக்காரி, "பின்பக்கமா போலாமே" என்றாள்.

"எந்தப் பின்பக்கம்? வாளி எடுக்கிற சந்தா? அந்த வழியா வந்தா நான் சம்பந்தம் பண்ணணும்?" இது பையனின் அம்மா. குரலிலேயே மிளகாய்.

"அதுவும் ஆணி அடிச்சிருக்குங்க" என்றார் அப்பா. அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார்.

தாய்மாமன் சங்கிலிக் கடிகாரத்தை எடுத்து, "மணி நாலு ஆகப் போகுது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பையனின் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதுமே ஒன்றும் சொல்கிறவர் அல்ல. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. கூலிம் மளிகைக் கடையும் அந்த நல்ல கதவும் கண்முன் வந்து நின்றன.

அப்போதுதான் இரண்டு கதவுகளுக்கும் நடுவில் இருந்த நூலளவு சந்தில் நிழல் தட்டியது. அந்தச் சந்தை மூட இன்னொரு சட்டம் அடிப்பது அப்பாவின் அடுத்த மாதத் திட்டம்.

"உள்ள இருக்கீங்களா?" ஓர் ஆண் குரல், மெதுவாக.

"இருக்கேன். எங்க போவேன்? எல்லாத்தையும்தான் மூடி வெச்சிருக்காங்களே" என்றேன். பானகப் பந்தல் வாத்தியாரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது. "வீட்ல உலக்கை இருக்கா?"

"இருக்கு. யாரை அடிக்கணும்?"

"யாரையும் வேணாம். பட்டையைக் கீழேர்ந்து முட்டுக் குடுத்துத் தூக்குங்க. நாக்கை நான் கொடைக்கம்பியால தள்ளிடுறேன்."

"கம்பியால தள்ள முடியுமா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெளியே அப்பாவும் தாய்மாமனும் யாருடைய கடிகாரம் சரி என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னார். "எங்க வீட்லயும் இதே மாதிரி நாக்குதாங்க. நான் நாடகம் பார்த்துட்டு நேரங்கழிச்சுப் போவேன், அம்மா தாழ் போட்டிருப்பாங்க. அம்மாவுக்குத் தெரியாது. தயவு செஞ்சு சொல்லிடாதீங்க."

உலக்கையைக் கொண்டுவந்தேன். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முக்காலியில் ஒரு கால், சுவரில் ஒரு கால். உலக்கையைப் பட்டைக்கு அடியில் கொடுத்துத் தோளால் முட்டினேன். சந்து வழியாக ஒரு மெல்லிய கம்பி வந்து, நாக்கைத் தேடி, தொட்டு, ஒதுக்கியது. "இப்போ!" என்றார். தூக்கினேன். கதவு திறந்துகொண்டது.

அஞ்சடி முழுவதும் என்னைப் பார்த்தது. கலைந்த தலை, ஒரு பக்கம் தொங்கும் பூ, கையில் உலக்கை. நான் அவரைப் பார்த்தேன். கையில் கம்பி கழன்ற குடை. இதற்கு மேல் என்ன பெண் பார்ப்பது? உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே ஓடினேன்.

எல்லோரும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். அம்மா பரபரவென்று தட்டை எடுத்து வைத்தாள். அப்பா மட்டும் உட்காரவில்லை. கதவருகிலேயே நின்று நாக்கைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"என்னங்க, நேரமாகுது" என்றாள் அம்மா.

"இருடி. ஒண்ணு கேக்கணும்." அப்பா நடுக்கூடத்துக்கு வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. என் பொண்ணைக் குடுக்கிற எடம். வெளிய நின்னு இந்த நாக்கைத் தள்ளலாம்னு எனக்கே தெரியாது. செஞ்சவன் நான். தம்பிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பையனின் அம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "என் புள்ளையத் திருடன்னு சொல்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல. எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டேன். இது தெரியாம நான் தட்டைத் தொடமாட்டேன்."

தாய்மாமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். கடிகாரம் வேறு கையில். எனக்கு விஷயம் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் அப்பா அடங்கிவிடுவார். ஆனால் சொல்லாதீங்க என்று கேட்டுக்கொண்டவர் திரைக்கு அந்தப் பக்கம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். திரையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா மேல் வந்த கோபத்தில் அந்த உலக்கையை மறுபடியும் எடுத்தால் என்ன என்று தோன்றியது.

அவர் நிமிர்ந்தார். அப்பாவைப் பார்க்கவில்லை. தம் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க வீட்டுத் தாழை நான் தெனமும் அப்படித்தாங்க தொறக்கிறேன். நாடகக் கொட்டகைக்குப் போயிட்டு வருவேன். அம்மாவுக்குத் தெரியாம. மன்னிச்சிடுங்கம்மா."

முடிந்தது என்று நினைத்தேன். பூ வாங்கத் தாமதமானதற்கே எழுந்து போன அம்மா!

அந்தம்மா மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"தெரியும்டா."

"அம்மா?"

"நம்ம வீட்டுக் கதவுக் கீலு பகல்ல நாய் மாதிரி ஊளையிடும். நீ வர்ற நேரத்துக்கு மட்டும் ஏன் ஊமையாயிடுது? ஒரு நாளாச்சும் யோசிச்சியா? படுக்கப் போறதுக்கு முன்ன தெனமும் தேங்கெண்ணெ விட்டது யாருன்னு நெனச்சே? திருடனா வந்து விட்டுட்டுப் போனான்?"

"அப்புறம் ஏம்மா தாழ் போட்டீங்க?"

"போடலைன்னா நீ விடிஞ்சில்ல வருவே!"

அப்பா மெல்லக் கீழே உட்கார்ந்தார். "அப்போ அங்கே உள்ளாளு..."

"நான்தான்" என்றார் அந்தம்மா. "என்னங்கிறீங்க?"

அப்பா சுவரில் சாத்தியிருந்த உலக்கையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். திரைக்குக் கீழே தெரிந்த என் காலைப் பார்த்தார். "இந்த வீட்லயும் இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்தார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். பையனின் அப்பா அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்து, "நல்லது" என்றார். ராகு காலத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே தட்டு மாறிவிட்டது.

அப்பா திருந்தினாரா என்று கேட்டால், இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் நாங்கள் போனால் ஒரு புதுத் தாழ் இருக்கும். மாப்பிள்ளையை அஞ்சடியில் குடையோடு நிற்க வைத்து, உள்ளேயிருந்து "ம், தொறங்க பார்ப்போம்" என்பார். திறந்த பிறகுதான் பலகாரம். பாவம், இவர் சில சமயம் வேண்டுமென்றே தோற்றுப்போவார். அன்றைக்கு அப்பா இவருக்கு இன்னும் இரண்டு அதிரசம் போடச் சொல்வார்.

நான் புகுந்த வீட்டுக்குப் போன கொஞ்ச நாளில் மாமியார் ஒரு சின்னக் கிண்ணத்தையும் ஒரு கோழி இறகையும் என் கையில் கொடுத்தார். "கீலுக்கு. எனக்கு முட்டி வலிக்குது, எட்டி நிக்க முடியல. இனிமே உன் பாடு."

எனக்கு வந்ததே கோபம்! கட்டிக்கொண்டு வந்தது கதவுக்கு எண்ணெய் விடவா? இவர் பாட்டுக்கு ஊர் சுற்றிவிட்டு வருவார், நான் இறகால் தடவிக்கொண்டிருக்க வேண்டுமாக்கும். கீல் கத்தட்டும், தெருவே எழுந்து வந்து இவரைப் பார்க்கட்டும் என்று கிண்ணத்தைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டேன்.

அந்த வாரமே இவர் என்னையும் நாடகத்துக்குக் கூட்டிப் போனார். நான் பார்த்த முதல் நாடகம். அழுது அழுது பார்த்தேன். திரும்பி வந்தபோது வழக்கம்போல் தாழ் போட்டிருந்தது. அப்போதுதான் எனக்கு எண்ணெய் நினைவு வந்தது. கீல் ஊளையிடும், வரிசையே விழித்துக்கொள்ளும், நேற்று வந்த மருமகள் நாடகக் கொட்டகையிலிருந்து வந்து நிற்கிறாள் என்று விடிவதற்குள் ஊரெல்லாம் பேசும். இவர் குடைக்கம்பியை நீட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கதவு ஒரு சத்தமும் இல்லாமல் திறந்தது.

அலமாரியில் போய்ப் பார்த்தேன். என் கிண்ணத்து எண்ணெய் அப்படியே இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி கிடந்தது. மாமியார் அவர் பாயில் முட்டியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.